சமதரை ஊர்களில் ஹேண்ட் பிரேக்: கெப் வாகனங்களுக்கான பரிசோதனையும் பராமரிப்பும்

ஹேண்ட் பிரேக் என்பது நிற்கும் வண்டிக்கான பிரேக். கால் பிரேக் ஒயிலின் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஒயில் கசிந்தால் அதன் பலமும் போய்விடும். பெரும்பாலான கெப் வாகனங்களின் ஹேண்ட் பிரேக்குக்கு ஒயில் தேவையில்லை. பிடியை இழுத்தால் கேபிள் இழுபடும், கேபிள் இழுபட்டால் பின் டயர்களின் டிரம்முக்குள் லைனர் விரிந்து பிடிக்கும். ஓட்டுநர் இறங்கிப் போன பிறகும், சுமை ஏறினாலும் இறங்கினாலும், அந்தப் பிடி தளரக்கூடாது. அதன் வேலை அவ்வளவுதான்.

மலைநாட்டில் இந்த வேலை ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும். மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ4 நெடுஞ்சாலை போகும் கரையோரத்தில் நிலைமை வேறு. தரை சமம். கியரில் போட்டுவிட்டுச் சாவியைக் கழற்றினால் வண்டி நிற்கும். கடற்கரை மணலில் கியர்கூட வேண்டாம். ஆகவே பிடியை யாரும் இழுப்பதில்லை. இழுக்காத கேபிளை உப்புக்காற்று மெல்லத் தின்கிறது. கோளாறு மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, மஹியங்கனையைத் தாண்டிக் கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுப் பாதையிலோ, வெல்லவாயவிலிருந்து எல்ல பக்கம் ஏறும் சரிவிலோ மரக்கறி ஏற்ற நிறுத்தும்போதுதான் வெளியே தெரிகிறது.

சமதரை எவ்வளவு ஏமாற்றும் என்பதைக் கணக்கு காட்டும். சுமையோடு 2,500 கிலோ நிறையுள்ள ஒரு கெப் 2 சதவீதச் சாய்வில் நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 50 கிலோ. அதே வண்டி 18 சதவீதச் சரிவில் நின்றால் அது சுமார் 440 கிலோ. 100 மீற்றர் போகும்போது 18 மீற்றர் ஏறும் பாதை அது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பிரேக் ஒழுங்குவிதி 13, சரக்கு வாகனம் முழுச் சுமையுடன் இதே 18 சதவீதச் சரிவில், ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும், ஹேண்ட் பிரேக்கில் மட்டும் நிற்க வேண்டும் என்கிறது. கையால் இழுக்கும் பிடியாக இருந்தால் அதற்குத் தேவைப்படும் விசை 600 நியூட்டனை, அதாவது சுமார் 60 கிலோவைத் தாண்டக்கூடாது. கல்முனை பஸாரில் அசையாமல் நிற்கும் வண்டி, அந்தப் பலத்தில் எட்டில் ஒரு பங்கைக்கூட நிரூபித்திருக்காது.

வண்டியில் இருப்பது எந்த வகை?

பராமரிப்பைத் தொடங்கும் முன் வகையை அறிய வேண்டும்.

டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200 போன்ற கெப்களில் பெரும்பாலும் பின் டிரம்மே ஹேண்ட் பிரேக்கின் இடமும் ஆகும். கால் பிரேக்குக்கும் கை பிரேக்குக்கும் ஒரே லைனர். பிடி சில வண்டிகளில் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். பழைய ஹைலக்ஸ்களில் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து வெளியே இழுக்கும் பிடியாக இருக்கும். பிடியிலிருந்து வரும் முன் கேபிள், சாசிக்குக் கீழே ஈக்வலைசர் என்ற சமன் துண்டில் முடிகிறது. அங்கிருந்து இரண்டு பின் கேபிள்கள் இரு டயர்களுக்கும் பிரிகின்றன. ஈக்வலைசரின் வேலை இழுவையை இரு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிடுவது.

பின்னாலும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் இரண்டு அமைப்புகள் உண்டு. சிலவற்றில் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே ஒரு சிறிய டிரம் இருக்கும். சிலவற்றில் கேபிள் நேராகக் கலிப்பரையே இயக்கும்.

கென்டர், எல்ஃப் போன்ற சிறு லொறிகளிலும் அதே சட்டகத்தில் வந்த க்ரூ கெப்களிலும் பல மாதிரிகளில் ஹேண்ட் பிரேக் டயரில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும். இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அது பின்னால் வருகிறது.

புதிய மாதிரிகள் சிலவற்றில் பிடியே கிடையாது. ஒரு சுவிட்சும் மோட்டாரும் அந்த வேலையைச் செய்கின்றன.

கரையோரத்தில் எது கெடுகிறது, ஏன்?

கெடுதலின் முதல் காரணம் உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு ஒரு பங்கு என்றால், மீன் ஏற்றும் வண்டிகளில் ரெஜிபோம் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் இன்னொரு பங்கு. மீன் வாடியில் ஏற்றிய சுமை உள்ளூர்ச் சந்தைக்குப் போய்ச் சேருமுன்பே அந்த உப்புநீர் பலகை இடுக்கு வழியாகச் சாசியிலும் பின் கேபிளிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். கேபிளின் வெளியுறையில் ஒரு கீறல் இருந்தால் போதும். தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி இறுகிய கேபிள் இழுக்கவும் வராது, இழுத்தால் திரும்பவும் வராது.

அடுத்தது சேறு. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களுக்குள் நெல் மூட்டை ஏற்றப் போகும் வண்டிகளில் சேறு டிரம்மின் பின்தட்டில் அப்பிக்கொள்ளும். பின் அக்ஸிலின் மேல் காற்றுப் போக ஒரு சிறு துளை மூடி உண்டு. அது சேற்றால் அடைபட்டால், ஓட்டத்தில் சூடாகும் அக்ஸிலுக்குள் அழுத்தம் கூடி, ஒயில் சீலைத் தாண்டி டிரம்முக்குள் கசியும். ஒயில் பட்ட லைனர் பிடிக்காது. அக்ஸில் ஒயில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று தேடிச் சீலை மட்டும் மாற்றி, இந்தத் துளையைச் சுத்தம் செய்யாமல் விட்டால் புதுச் சீலும் கசியும்.

மூன்றாவது, வண்டிகளின் வயது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கும் வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே வழியாக இருந்தது. என்ஜினுக்கும் கியருக்கும் செலவழித்த கை, ஹேண்ட் பிரேக் கேபிளுக்குச் செலவழிக்கத் தயங்கியதில் வியப்பில்லை.

ஓட்டுநரே செய்யக்கூடிய பரிசோதனை

முதலில் பிடி. கியரை நியூட்ரலில் வைத்து, சமதரையில் டயருக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, பிடியை மெதுவாக இழுத்து எத்தனை ‘கிளிக்’ என்று எண்ண வேண்டும். சரியான எண்ணிக்கை மாதிரிக்கு மாதிரி மாறும். நடுவில் உள்ள பிடிக்குப் பெரும்பாலும் 5 முதல் 9 வரை. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிடிக்கு இன்னும் கூடுதல். ஜப்பான் வண்டிகளின் கைநூல்கள் பலவற்றில் இந்த எண்ணிக்கை சுமார் 20 கிலோ இழுவைக்கு என்று கொடுக்கப்பட்டிருக்கும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் லைனர் தேய்ந்திருக்கலாம், கேபிள் நீண்டிருக்கலாம். இரண்டே கிளிக்கில் பிடி கல்லாக நின்றால் கேபிள் இறுகியிருக்கலாம். பிரேக் நல்ல நிலையில் இருப்பதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் கிளிக்கிலேயே டேஷ்போர்டில் சிவப்புப் பிரேக் விளக்கு எரிய வேண்டும். முழுதாக இறக்கியதும் அணைய வேண்டும். பல வண்டிகளில் பிரேக் ஒயில் குறைந்தாலும் எரிவது இதே விளக்குத்தான். பிடி கீழே இருந்தும் விளக்கு எரிந்தால் முதலில் ஒயில் டப்பாவைப் பார்க்க வேண்டும்.

பின்பு பிடிப்பு. ஆளில்லாத சமதரையில் பிடியை முழுதாக இழுத்து, முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் கிளச்சை மெதுவாக விட வேண்டும். என்ஜின் திணறி நிற்கப் பார்த்தால் பிடிப்பு இருக்கிறது. வண்டி இலகுவாக நகர்ந்தால் இல்லை. ஓட்டோ கியர் வண்டியில் ‘டி’யில் போட்டு, கால் பிரேக்கை விட்டுப் பார்க்கலாம். இது முதற்கட்டச் சோதனை மட்டுமே. உண்மையான சோதனை சரிவில்தான். நெல் ஆலைகளின் ஏற்றுமேடைக்குப் போகும் சாய்தளம் போன்ற, மேலும் கீழும் ஆள் இல்லாத, போக்குவரத்தில்லாத இடம் பொருத்தம். முதலில் வெறும் வண்டியோடும், அது தேறினால் சுமையோடும், ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் சீட்டில் இருந்து, கால் பிரேக்கின் மேலேயே தயாராக நிற்க வேண்டும்.

இந்தச் சரிவுச் சோதனைக்கு ஒரே விதி: ஹேண்ட் பிரேக்கைத் தவிர வேறெதுவும் வண்டியைப் பிடித்திருக்கக்கூடாது. கியர் நியூட்ரலில், கால் மிதியில் அழுத்தாமல், முட்டுக்கட்டை டயரைத் தொடாமல் இருக்க வேண்டும். 2013 ஜூலை 6ஆம் திகதி கனடாவின் லாக்-மெகாண்டிக் நகரில் 47 பேரைப் பலிகொண்ட எண்ணெய் ரயில் விபத்தில் இந்த விதிதான் மீறப்பட்டது. சரிவில் நிறுத்திய ரயிலில் 7 கை பிரேக்குகளை மட்டும் இறுக்கிவிட்டுச் சோதித்தபோது, என்ஜினின் காற்றுப் பிரேக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. ரயில் அசையவில்லை, சோதனை தேறியதாகத் தோன்றியது. இரவில் காற்றழுத்தம் இறங்கியதும் கை பிரேக்குகளால் மட்டும் அதைத் தாங்க முடியவில்லை. கெப் வண்டியில் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டே ‘ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது’ என்று சொல்வதும் இதே தவறுதான்.

கடைசியாகச் சூடு. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீற்றர் ஓடிவிட்டு நிறுத்தி, பின் டிரம்களுக்கு அருகில் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கக் கேபிளோ நெம்புகோலோ திரும்பி வராமல் லைனர் உரசிக்கொண்டிருக்கிறது. டீசல் கூடுதலாகக் குடிப்பதும், வண்டி இழுவை குறைவதும், கருகிய வாசனையும் இதன் அடையாளங்கள்.

டிரம்மைக் கழற்றினால்

கழற்றும் முன் முன்டயர்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். வண்டியை ஜெக்கில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்க வேண்டும்; ஜெக்கை மட்டும் நம்பி கீழே போகக்கூடாது. டிரம் வெளியே வர ஹேண்ட் பிரேக்கை இறக்கியே ஆக வேண்டும் என்பதால், முட்டுக்கட்டை இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வண்டியைப் பிடிக்க எதுவுமே இருக்காது.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ நனைத்துத் துடைப்பதே முறை.

பின்பு பார்க்க வேண்டியவை வரிசையாக வரும். லைனரின் தடிப்பு: பல டொயோட்டா மாதிரிகளில் 1 மி.மீ. தான் இறுதி எல்லை. அதுவரை காத்திருக்காமல் 2 மி.மீ. அளவிலேயே மாற்றுவது புத்தி. இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம்மின் உள்விட்டம்: அனுமதிக்கப்படும் உச்ச அளவு டிரம்மிலேயே பதிக்கப்பட்டிருக்கும். 254 மி.மீ. டிரம் என்றால் எல்லை பொதுவாக 256. அதைத் தாண்டிய டிரம்மைக் கடைந்து பயன்படுத்துவது ஆபத்து. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கக்கூடாது. இருந்தால் பிரேக் ஒயில் கசிவு. அக்ஸில் பக்கத்திலிருந்து வரும் கசிவு கியர் ஒயிலின் மணத்தோடு, தடித்து, கறுத்து இருக்கும். எது நனைத்திருந்தாலும் அந்த லைனரைப் பெற்றோல் ஊற்றிக் கழுவி மீண்டும் போடும் பழக்கத்தை விட வேண்டும். ஒயில் உள்ளே ஊறியிருக்கும், சூடு ஏறினால் மேலே வரும்.

பின்தட்டுக்கு வெளியே, கேபிள் முடியும் இடத்தில் பழைய ஹைலக்ஸ்களில் பெல் கிராங்க் என்ற சிறு முழங்கை நெம்புகோல் இருக்கிறது. உப்பும் சேறும் முதலில் இறுக்குவது இதைத்தான். இறுகினால் ஹேண்ட் பிரேக் மட்டும் போவதில்லை. இந்த வண்டிகளில் லைனர் தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் அட்ஜஸ்டர், ஹேண்ட் பிரேக் இழுபடும்போதே ஒரு பல் நகர்கிறது. பிடியை இழுக்காத வண்டியில், அல்லது பெல் கிராங்க் இறுகிய வண்டியில், அட்ஜஸ்டர் நகராது. கால் பிரேக் மிதியும் நாளடைவில் ஆழமாக இறங்கத் தொடங்கும். ‘மிதி கீழே போகிறது’ என்று பிரேக் ஒயிலிலிருந்து காற்றை எடுத்தும் சரியாகாத பல வண்டிகளின் உண்மை நோய் இதுவாக இருக்கலாம். பெல் கிராங்கைக் கழற்றித் துரு நீக்கி, கிறீஸ் வைத்து, கிழிந்த ரப்பர் மூடியை மாற்றிப் பூட்டினால் இரண்டு பிரேக்கும் சீராகும்.

லைனரின் இரும்பு விளிம்பு பின்தட்டில் உரசும் மேடுகளில் வெப்பம் தாங்கும் பிரேக் கிறீஸ் மெல்லியதாகப் பூச வேண்டும். அது லைனரிலோ டிரம்மின் உள்பக்கத்திலோ படக்கூடாது.

அட்ஜஸ்ட்: முதலில் டிரம், பிறகு கேபிள்

கிளிக் எண்ணிக்கை கூடியதும் சாசிக்குக் கீழே போய்க் கேபிள் நட்டை இறுக்குவது பரவலான பழக்கம். நேரம் மிச்சம், பிடியும் உயரத்திலேயே நிற்கும். ஆனால் தேய்ந்த லைனரின் இடைவெளியைக் கேபிளால் மறைத்தால், டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் இருப்பிடத்துக்கு முழுதாகத் திரும்பாது. அட்ஜஸ்டர் வேலை செய்யாது. லைனர் எப்போதும் லேசாக உரசும்.

சரியான வரிசை இது. கேபிள் நட்டை முழுதாகத் தளர்த்த வேண்டும். பின்தட்டின் சிறு துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டயர் சுற்றாத அளவுக்கு லைனரை விரிக்க வேண்டும். பிறகு டயர் தடையில்லாமல், ஒரு சின்ன உரசலோடு சுற்றும்வரை பின்னுக்குத் திருப்ப வேண்டும். இரு பக்கமும் இதே அளவு. கால் பிரேக்கைச் சில தடவை மிதித்து லைனர்களை நடுநிலைப்படுத்திய பின்னரே கேபிளுக்கு வர வேண்டும். கைநூல் சொல்லும் கிளிக்கில் இரு டயரும் ஒரே நேரத்தில் இறுகும்படி நட்டை வைத்துப் பூட்ட வேண்டும். பிடியை இறக்கினால் இரண்டும் இலகுவாகச் சுற்ற வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்திப் பிடித்தால் ஈக்வலைசர் சாய்ந்து நிற்கிறது, அல்லது ஒரு பக்கக் கேபிள் இறுகியிருக்கிறது என்று பொருள்.

இறுகிய கேபிளுக்குள் ஒயில் விட்டு அசைத்தால் சில வாரங்களுக்கு இளகும். உள்ளே கம்பி இழைகள் துருவால் அறுபடத் தொடங்கியிருந்தால் அந்த வைத்தியம் நிற்காது. இழை பிரிந்த, உறை கிழிந்த, ஒரு பக்கம் வராத கேபிளை மாற்றுவதே சிக்கனம். புது வகைக் கேபிள்களின் உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் உறை இருப்பதால் கண்ட கிறீஸையும் அதற்குள் அடைக்கத் தேவையில்லை. சுவிட்சில் இயங்கும் மின் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில், ஸ்கேனர் கொண்டு பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் பிரேக் பேடைக் கழற்றினால் மோட்டார் பழுதாகலாம்.

ஷாஃப்டில் பிரேக் உள்ள லொறிகள்

இந்த வகை ஷாஃப்டைப் பிடிக்கிறது. டயரை நேராகப் பிடிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஆகவே ஒரு பின்டயரை மட்டும் ஜெக்கில் தூக்கினால், தூக்கிய டயர் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ள, தரையிலுள்ள டயர் உருளும். ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடித்திருந்தும் லொறி ஜெக்கிலிருந்து நகர்ந்து விழக்கூடும். வழியில் டயர் மாற்றும்போது கியரையும் இதே காரணத்தால் நம்ப முடியாது. தரையில் உள்ள டயர்களுக்கு முட்டுக்கட்டை வைப்பது ஒன்றே பாதுகாப்பு.

பிடியை இழுத்த பிறகும் வண்டி சற்று அசைந்து நிற்பது இந்த வகையில் ஓரளவு இயல்பு. அசைவு கூடிவந்தால் ஷாஃப்ட் ஜொயின்ட்டின் தேய்வைப் பார்க்க வேண்டும். ஓடும் வண்டியை நிறுத்த இந்தப் பிடியை இழுக்கக்கூடாது. முழு அதிர்ச்சியும் ஷாஃப்டிலும் டிஃபரன்ஷியலிலும் இறங்கும். கியர் பெட்டியின் பின்சீல் கசிந்தால் ஒயில் நேராக இந்த டிரம்முக்குள் போகும் என்பதால் அந்தச் சீலுக்கும் கவனம் வேண்டும்.

மாரிக்குப் பின்

வடகீழ்ப் பருவமழையில் காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறைப் பக்கம் வீதியைத் தண்ணீர் மூடும் நாட்கள் உண்டு. வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டியில், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக மிதித்து லைனரை உலர்த்த வேண்டும். அக்ஸில்வரை தண்ணீர் ஏறியிருந்தால் டிரம்மைக் கழற்றி வண்டலைக் கழுவ வேண்டும். அக்ஸில் ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஈர லைனரோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பல நாள் நிறுத்தினால் லைனர் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சந்தர்ப்பத்தில் மட்டும் கியரும் முட்டுக்கட்டையும் போதும். மற்ற நாட்களில், தரை எவ்வளவு சமமாக இருந்தாலும், நிறுத்தும்போதெல்லாம் இழுப்பதே கேபிளைக் காக்கும் மலிவான மருந்து.

சரிவில் நிறுத்தும் ஒழுங்கு

கால் பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்துக் காலை மெதுவாக எடுத்து, பாரம் ஹேண்ட் பிரேக்கில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் கியர் போடலாம்: ஏற்றத்தில் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ். இடப்பக்கம் நடைபாதைக் கல் இருந்தால் இறக்கத்தில் முன்டயரை இடப்பக்கமும், ஏற்றத்தில் வலப்பக்கமும் திருப்பி வைத்தால் உருண்டாலும் கல்லில் தட்டும். சுமை ஏற்றும் வண்டிக்கு முட்டுக்கட்டையும் வேண்டும்; ஏற ஏறப் பாரம் கூடும், பிடி அப்படியேதான் இருக்கும்.

எப்போது எதைப் பார்ப்பது?

மீன் ஏற்றும் வண்டியின் அடிப்பகுதியை ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை, பெரும்பாலான வண்டிகள் ஓய்வில் நிற்கும் வெள்ளிக்கிழமையில், கிளிக் எண்ணி விளக்கைப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை கேபிள் உறை, ஈக்வலைசர், பெல் கிராங்க். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 10,000 கி.மீ. ஓடியதும், டிரம்மைக் கழற்ற வேண்டும். மலைநாட்டுப் பயணத்துக்கு முதல்நாள் சரிவுச் சோதனை கட்டாயம்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனை என்ஜின் புகையை மட்டுமே அளக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லாது. அதைச் சோதிக்க வேண்டியவர் வண்டிக்காரரே. அடுத்த தடவை கராஜுக்குப் போகும்போது ஒயில் மாற்றுவதோடு நிறுத்தாமல், பின் டிரம் இரண்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.